அம்பல், அலர், விரிச்சி: வரவிருக்கும் விளையாட்டுகளைப் பற்றிய பேச்சின் இலக்கணம்

தோற்றுவாய்

வந்த பொருளைப் பற்றிய பேச்சினும் வாராத பொருளைப் பற்றிய பேச்சு மிகுந்து நிகழும் துறைகள் சில உள. வீடியோ விளையாட்டு அவற்றுள் ஒன்று. ஒரு விளையாட்டு வெளிவருதற்குப் பல்லாண்டு முன்னரே அதன் பெயர், கதை, களம், விலை, வெளிவரும் நாள் ஆகியவை பற்றி ஊகங்கள் எழுகின்றன. ‘கன்சோல்’ என வழங்கும் விளையாட்டுப் பொறியும் கடைக்கு வருமுன்பே பலர் வாயிற்பட்டு விடுகின்றது.

இஃது இளையோர் பொழுதுபோக்கு. தமிழாராய்ச்சிக்கு இதில் என்ன வேலை என வினவலாம். காத்திருத்தலை ஒரு திணையின் உரிப்பொருளாக வைத்து, காத்திருப்பாரைச் சூழ்ந்தெழும் பேச்சினை வகைவகையாகப் பகுத்த மொழி தமிழ். அம்பல், அலர், விரிச்சி, பருவங்கண்டு அழிதல், வரைவு நீட்டித்தல் என்னும் குறியீடுகள் நம்பால் ஆயத்தமாக உள்ளன. விளையாட்டும் தமிழுக்கு அயலதன்று. டொராண்டோ நகரத்து விசை கேம்ஸ் நிறுவனம் 2023 சூலை 31இல் வெளியிட்ட விளையாட்டின் பெயர் ‘வெண்பா’. கனடாவிற் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலே அதன் பொருள். 2024இல் பிரித்தானியத் திரைக்கலைக் கழகமான பாஃப்டாவின் முதற்படைப்பு விருதினை அது பெற்றது.

எனினும், பழம்பெயரைப் புதுப்பொருளுக்கு இட்டு மகிழ்வது ஆராய்ச்சி ஆகாது. ஒப்புமை காண்டல் எளிது. ஒப்புமை எங்கு முறிகின்றது எனக் காண்டலே பயன் தருவது. அம்முறிவு கூற்றில் நிகழ்கின்றது என்பது இக்கட்டுரையின் கோள்.

நிலம்

திணை ஆராய்வார்க்கு நிலமும் பொழுதும் வேண்டும். இராசபாளையத்தை அடுத்துள்ள தளவாய்புரத்தை நிலமாகக் கொள்வோம். மேற்கே மலைத்தொடர், ஊருள் ஆயத்த ஆடைத் தையல், சிறப்பாக நைட்டி தைக்கும் தொழில். 2020 நவம்பரில் வேறு நாடுகளில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5 என்னும் பொறி இந்தியாவிற்கு வந்த நாள் 2021 பிப்ரவரி 2. வட்டு இடும் வகையின் அன்றைய விலை 49,990 ரூபாய். தையற்கூலி கொண்டு இல்லறம் நடத்தும் ஊரில் அஃது எளிதிற் கைக்கெட்டும் விலையன்று. ஆகவே இத்தகைய ஊர்களில் விளையாட்டுப் பொறி எனத் தக்கது கைப்பேசியே. உலகப் பேச்சு இவ்வூர்களை எட்டிய வழியும் அதுவே.

அவ்வாறு எட்டியவற்றுள் பெரியது பப்ஜி மொபைல் பற்றிய பேச்சு. இந்திய அரசு 2020 செப்டம்பர் 2இல் 118 செயலிகளைத் தடைசெய்தது. பப்ஜி அவற்றுள் ஒன்று. அக்டோபர் 30இல் அதன் பணி இந்தியாவில் முற்றும் நின்றது. நவம்பர் 12இல், இந்தியாவிற்கெனத் தனியே ஒரு விளையாட்டு வரும் என்னும் அறிவிப்பு வந்தது. நாள் குறிக்கப்படவில்லை. 2021 மே 6இல்தான் ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ என்னும் புதுப்பெயர் வெளிப்பட்டது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு முழுமையாக வந்தது சூலை 2இல். மீண்டும் 2022 சூலை 28இல் கடைகளினின்று நீக்கப்பெற்று, 2023 மே மாதத்தில் திரும்பியது. இப்பிரிவும் வரவும் நம் ஆராய்ச்சிக்கு முதற்சான்று.

அம்பலும் அலரும்

இறையனார் களவியலுரை அம்பலையும் அலரையும் நுட்பமாக வேறுபடுத்துகின்றது. சொல்லாக விரியாமல் அரும்பின் அளவில் நிற்பது அம்பல். யாரைப் பற்றியது எனத் தெளிய இயலாதது. இன்னானுக்கும் இன்னாளுக்கும் இடையே இது நிகழ்ந்தது என விளங்கப் பேசப்படுவது அலர். மொக்கும் மலரும் போல்வன இவை.

இவ்வேறுபாடு இன்றைய செய்திகளைத் தரம்பிரிக்கப் பெரிதும் உதவும். நின்டெண்டோ நிறுவனத்தின் ‘ஸ்விட்ச்’ பொறிக்கு ஆற்றல் மிக்க புதுவகை ஒன்று வரும் என 2021இல் பரவலாகப் பேசினர். ‘ஸ்விட்ச் ப்ரோ’ எனப் பெயரும் தாமே இட்டனர். 2021 சூலை 6இல் அந்நிறுவனம் அறிவித்ததோ திரையைத் திருத்திய ஒரு வகையே; பேசப்பட்ட ஆற்றல் அதில் இல்லை. அரும்பியது மலரவில்லை, இஃது அம்பல். உண்மையான அடுத்த பொறியாகிய ‘ஸ்விட்ச் 2’ 2025 சனவரி 16இல் அறிவிக்கப்பெற்று, சூன் 5இல் வெளிவந்தது.

அலருக்குச் சான்று வேறு. ராக்ஸ்டார் நிறுவனத்தின் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ வரிசையில் ஐந்தாவது விளையாட்டு 2013 செப்டம்பர் 17இல் வந்தது. ஆறாவது உருவாகி வருகின்றது என நிறுவனம் ஒப்பியது 2022 பிப்ரவரியில். அவ்வாண்டு செப்டம்பர் 18இல், ஆக்கத்திலிருந்த பகுதிகளைக் காட்டும் ஏறத்தாழ 90 காணொளிகள் திருட்டுவழியாய்ப் பொதுவெளிக்கு வந்தன. மறுநாள் நிறுவனம் அவை தம்முடையன என ஒப்பியது. மறைவில் நிகழ்ந்தது ஊரறிய வெளிப்பட்டமையின் இஃது அலரேயாம்.

தொல்காப்பியர் இதன் பயனையும் சுட்டியுள்ளார். அம்பலும் அலரும் களவை வெளிப்படுத்துவன என்றும், அவற்றிற்கு முதல்வன் தலைவனே என்றும் களவியலில் உரைக்கின்றார். அலரால் காமம் சிறக்கும் என்பது கற்பியலிற் காணும் கருத்து. திருவள்ளுவரும் ‘அலர் அறிவுறுத்தல்’ என ஓர் அதிகாரம் வகுத்து, ஊரார் பேச்சினைக் காமப் பயிருக்கு இடும் எருவாக உருவகித்தார். பேச்சு பேசப்படும் பொருளை வளர்க்கும் என்னும் இவ்வுண்மையை விளம்பரத் தொழிலார் இன்று நன்கு பயன்கொள்கின்றனர். ‘சைபர்பங்க் 2077’ என்னும் விளையாட்டு 2012இல் அறிவிக்கப்பெற்று, ஒரே ஆண்டில் மும்முறை நாள் தள்ளி, 2020 டிசம்பர் 10இல் வந்தது. வருமுன்பே முன்பதிவு செய்தோர் 80 இலட்சத்தவர். வந்த சில நாட்களிலேயே, குறைபாடு மிகுதியால், சோனி நிறுவனம் தன் இணையக் கடையினின்று அதனை நீக்கியது; மீண்டும் இடம்பெற்றது 2021 சூன் 21இல். எரு மிகுந்திருந்தது, விளைச்சல் பின்னரே சீர்பட்டது.

விரிச்சியும் கூடலும்

காத்திருப்பார் குறி தேடுவர். முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் ஊர்ப்புறத்துக் கோயிலுக்குச் சென்று, நெல்லும் முல்லையும் தூவி, நற்சொல் கேட்க நிற்கின்றனர். தாயைக் காணாது வருந்தும் கன்றை நோக்கி, ‘உன் தாயர் இன்னே வருவர்’ என ஆய்மகள் ஒருத்தி ஆற்றுகின்றாள். அச்சொல்லைத் தலைவன் வரவிற்கு நன்னிமித்தமாகக் கொள்கின்றனர். ஈண்டு நோக்கற்பாலது ஒன்று உண்டு. ஆய்மகள் தலைவியை அறிந்து பேசவில்லை. தன் சொல் கேட்கப்படுவதையும் அறியாள். அவள் அறியாமையே அச்சொல்லுக்கு நிமித்தமாகும் தகுதியைத் தருகின்றது. கேட்பாரைக் குறித்துச் சொன்ன சொல் விரிச்சியாகாது.

2021 மே மாதத்தில் பப்ஜியின் வழித்தோன்றலை வெளியிடவிருந்தோர், விளையாட்டில் வரும் முதுகுப்பை ஒன்றின் படத்தைக் காட்டி இஃது என்ன என வினவினர். ஆடிப் பழகியவர் உடனே இனங்கண்டு, வருவது பழைய விளையாட்டே எனத் தேறினர். வடிவால் இது விரிச்சி, இயல்பால் அன்று. கேட்பார் இன்னார், இன்னவாறு பொருள் கொள்வார் என முன்னறிந்து இட்ட குறி அது. இதனை ‘இடுவிரிச்சி’ எனப் பெயரிட்டு வழங்குதல் தகும்.

இதனின் வேறானது கூடல் இழைத்தல். தளவாய்புரத்திற்கு அணித்தாகிய திருவில்லிபுத்தூரில் தோன்றிய ஆண்டாள், நாச்சியார் திருமொழியின் நான்காம் திருமொழியிற் கூடலை விளித்துப் பாடுகின்றார். கண்மூடி இழைக்கும் வட்டத்தின் முனைகள் கூடின் தலைவன் வருவான் என்பது நம்பிக்கை. இழைப்பவள் காத்திருப்பவளே, குறியைப் படைப்பவளும் படிப்பவளும் ஒருத்தியே. ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 6’இன் இரண்டாம் முன்னோட்டத்திற்குக் காத்திருந்தோர், நிறுவனம் வெளியிட்ட படங்களில் நிலவின் பிறையளவைக் கணக்கிட்டு நாள் குறித்தனர். குறித்த நாட்கள் வந்து கழிந்தன. முன்னோட்டமோ முன்னறிவிப்பின்றி 2025 மே 6இல் வந்தது. இதனை அறிவின்மை என இகழ்தல் பொருந்தாது. வட்டம் கூடாவிடினும், இழைக்கும் பொழுதளவும் காத்திருத்தலின் சுமை குறைகின்றது. பிறரை ஏமாற்றாத குறி இது.

பருவம் பொய்த்தல்

முல்லைத்தலைவன் நாள் குறிப்பதில்லை, பருவமே குறிக்கின்றான். கார் தொடங்குமுன் வருவேன் என்பது அவன் சொல். இக்கால நிறுவனங்களும் பெரும்பாலும் பருவமே குறிக்கின்றன. மேற்குறித்த ஆறாவது விளையாட்டு 2025இன் இலையுதிர் காலத்தில் வரும் என 2024 மே மாதத்தில் உரைத்தனர். 2025 மே 2இல் அது 2026 மே 26 என மாறியது; 2025 நவம்பர் 6இல், 2026 நவம்பர் 19 என மீண்டும் தள்ளியது. அகமரபில் இதற்கு நேரான துறை வரைவு நீட்டித்தல்.

நீட்டித்தவிடத்து யார் என்ன சொல்கின்றார் என்பதே சுவை. குறுந்தொகையின் 21ஆம் பாட்டிற் பேசுபவள் தலைவி. காடு கார் எனக் கூறினும் யான் நம்பேன், அவர் பொய் கூறார் என்பது அவள் துணிபு. 66ஆம் பாட்டிற் பேசுபவள் தோழி. பருவமல்லாப் பொழுதில் பெய்த மழையைக் கார் எனக் கருதிக் கொன்றைகள் பேதைமையால் பூத்தன என்கின்றாள். தோழி கூறுவது உண்மையன்று; கார் வந்துவிட்டது. ஆயினும் அப்பொய்யால் அவளுக்கு ஊதியம் இல்லை. தலைவி இறந்துபடாது ஆற்றியிருத்தல் ஒன்றே அவள் கருதியது.

விளையாட்டு நாள் தள்ளும்போது ‘இன்னும் செப்பம் செய்ய வேண்டியுள்ளது, பொறுத்தருள்க’ என ஆற்றுவிக்கும் சொல் வருகின்றது. அச்சொல் உண்மையாகவே இருத்தலும் கூடும். செப்பமுறாது வெளிவந்து தாழ்வதினும் தாழ்த்து வருதல் நன்று எனச் சைபர்பங்கின் வரலாறு கற்பிக்கின்றது. ஆனால் அச்சொல்லைச் சொல்பவர் யார்? தோழி அல்லள், வாராத தலைவனே.

கூற்றுக்குரியோர்

இவ்விடத்தில் ஒப்புமை முறிகின்றது. அகத்திணையில் ஒவ்வொரு பேச்சிற்கும் உரியார் வேறுவேறாவர். அலர் தூற்றுவது ஊர், விரிச்சி உரைப்பது அயலாள், கூடல் இழைப்பது தலைவி, ஆற்றுவிப்பது தோழி. ஊர், அயல், சேரியோர் முதலியோர்க்கு நேர்க்கூற்று இல்லை, அவர் சொல் பிறரால் எடுத்துமொழியப்படும் அளவினதே எனத் தொல்காப்பியர் செய்யுளியலில் வரையறுத்தார். ஊர் என்ன சொல்லிற்று என்பதைத் தலைவியோ தோழியோ சொல்லித்தான் அறிகின்றோம். ஆகவே அலரைக் கேட்கும்போதே, அதனைக் கொண்டெடுத்து மொழிபவர் யார், எந்நோக்கத்தால் மொழிகின்றார் என்னும் வினாவும் உடனெழுகின்றது. பெரும்பாலும் அந்நோக்கம் வரைவு கடாதல், அஃதாவது மணம் முடிக்கத் தலைவனைத் தூண்டல். அலர் தலைவனை நெருக்கியது, தலைவிக்குத் துணைசெய்தது.

இன்றைய செய்திகளிலும் ‘நம்பத்தகுந்த வட்டாரம் கூறுகின்றது’ என ஊரின் சொல் எடுத்துமொழியப்படுகின்றது. மொழிபவன் பெயர் மட்டும் பலகால் மறைந்துவிடுகின்றது. இடுவிரிச்சி வைப்பவரும், ஆற்றுவிப்பவரும், முன்பதிவுப் பணம் பெறுபவரும் ஒருவரே ஆகின்றனர். தலைவன் தோழியின் கூற்றையும் ஆய்மகளின் கூற்றையும் தானே மேற்கொள்கின்றான். காத்திருப்பார்க்கு எஞ்சுவது தலைவி கூற்று ஒன்றே.

அற்றேல், எல்லாப் பேச்சும் நிறுவனத்தின் சூழ்ச்சியோ எனின், அன்று. 2022இல் கசிந்த காணொளிகள் நிறுவனத்திற்குக் கேடு செய்தன. அதன் விருப்பின்றி நிகழ்ந்தன. 2021இன் ஸ்விட்ச் அம்பலும் பெரும்பாலும் புறத்தார் விளைத்ததே. ஊரின் வாய் இன்னும் அடைபடவில்லை. ஆற்றுவிக்கும் தோழியின் இடமே வெறிதாய்க் கிடக்கின்றது. ஊதியம் கருதாது, காத்திருப்பார் பக்கம் நின்று, ‘இது பருவம் அன்று, இப்பொழுது பணம் செலுத்தற்க’ எனக் கூறும் குரலே இத்துறையில் அரிது. திறனாய்வு நிரப்ப வேண்டிய இடம் அதுவாகும்.

முடிவு

சங்கப் பாடல்களின் அடியிற் ‘தலைவி கூற்று’, ‘தோழி கூற்று’ எனக் குறிப்பு எழுதி வைத்தனர் முன்னோர். மாணவர் அதனைத் தேர்வுக்குரிய மனப்பாடமாகக் கொள்கின்றனர். சொல்லின் பொருள் சொல்வாரை அறிந்தன்றி விளங்காது என்னும் பெருங்கொள்கை அச்சிறு குறிப்பில் அடங்கியுள்ளது. தளவாய்புரத்தில் தையற்கூலியில் மிச்சம்பிடித்த தொகையைக் கையில் வைத்துக்கொண்டு, வரவிருக்கும் விளையாட்டொன்றைப் பற்றிய செய்தியைப் படிக்கும் இளைஞனுக்கும் வேண்டுவது அக்குறிப்பே. இஃது அம்பலா, அலரா? விரிச்சியா, இடுவிரிச்சியா? தோழி கூற்றா, தோழிபோலப் பேசும் தலைவன் கூற்றா? இம்மூன்று வினாக்களையும் எழுப்பிய பின்னர் அவன் காத்திருப்பின், அது முல்்லைக்குரிய இருத்தலாகும். எழுப்பாது காத்திருப்பின், பிறர் வகுத்த பருவத்தில் பூத்த கொன்றையாவான்.