மெய்ப்பொருணாயனார் புராணத்திற் பகை நீக்கம்

சேக்கிழார் பெருமான் அருளிய திருத்தொண்டர் புராணத்துள் மெய்ப்பொருணாயனார் வரலாறு திருவேடப் பற்றின் உயர்வை உணர்த்துவதென்பது சைவ நன்மக்கள் யாவரும் அறிந்ததே. ஆயினும், அரசியற் கொலையொன்று நிகழ்ந்தவழி அதனின்றெழும் பகைத்தீ ஊரைப் பற்றாவண்ணம் அவித்த செய்தியும் அதன்கண் அடங்கியுளது. அதனை ஈண்டு ஆராய்வாம்.

சேதிநாட்டுத் திருக்கோவலூரில் அரசு புரிந்த நாயனாரோடு பலகாற் பொருது தோற்றவன் முத்தநாதன். போரில் வெல்லமாட்டாமை கண்டு, மேனியெங்கும் நீறு பூசிச் சடை முடித்து, சுவடி பொதிந்த கவளியுட் படைக்கலத்தை மறைத்து, ஆகமம் உரைப்பான் போல அரண்மனையுட் புகுந்தான். அவனுளத்து இருளைச் சேக்கிழார் மறைத்திலர். எனினும், கொலை நிகழுமிடத்து அவர்தம் சொற்சுருக்கம் வியக்கற்பாலது. குத்தினான், குருதி பெருகிற்று என்று விரியாது, தான் முன்னர் எண்ணியதைச் செய்தான் எனுமளவில் நிறுத்தி, வணங்கி வீழ்ந்த நாயனாரை வென்றார் என்றே பாடுகின்றார்.

சொற்பொழிவாளர் சிலர் இவ்விடத்தை நீட்டி, முத்தநாதனை வைது, கேட்போர் பற்கடிக்கும்படி செய்கின்றனர். அது நூலாசிரியர் கருத்தொடு மாறுபடும். சேக்கிழார் விரித்துரைப்பது கொலையையன்று, அதன்பின் நிகழ்ந்ததையே. வாயில் காத்த தத்தன் வாளோங்கி வந்தபோது, அரசர் அவனைத் தடுத்து, இவர் நம்மவர் என்றனர். இடையூறு நேராமற் கொண்டுபோய் விடுக எனப் பணித்தனர். சினந்து சூழ்ந்த நகரத்தாரும் அரசாணை கேட்டு விலகினர். மக்கள் வழங்காத காட்டில் அவனை விட்டுத் தத்தன் மீண்டு உரைக்குமளவும் நாயனார் உயிர் தாங்கியிருந்தார்.

தத்தன் வாள் வீழ்ந்திருப்பின் இறப்பவன் ஒருவனே. ஆயின் தீங்கு அவனோடு ஒழிந்திராது. மறுநாள் முதல் நீறணிந்த அடியார் ஒவ்வொருவரையும் நகரம் ஐயுற்று நோக்கும். ஒருவன் பிழை அக்கோலத்தார் அனைவர்மேலும் ஏறும்.

இது வெறும் ஊகமன்று. 1984-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் தம் மெய்காவலர் இருவராற் சுடப்பட்டு மாண்டார். அவ்விருவரும் சீக்கியர். அடுத்த சில நாட்களில், அக்கொலையோடு யாதொரு தொடர்புமில்லாத சீக்கிய மக்கள், தலைப்பாகையும் தாடியுமே குற்றமாகக் கொள்ளப்பட்டு, டில்லித் தெருக்களிற் கொல்லப்பட்டனர். தலைநகரில் மட்டும் மாண்டோர் 2,733 பேர் என்பது அரசினர் கணக்கு. திருக்கோவலூரில் வேடம் கொலைஞனையும் காத்தது. டில்லியிலோ குற்றமற்றார்க்கும் கூற்றாயிற்று. இடையே நின்ற வேற்றுமை, நம்மவர் என்று சொல்வார் ஒருவர் இருந்தமையும் இல்லாமையுமே.

அற்றேல், கொலைஞனை ஒறுத்தல் செங்கோன்முறை யன்றோ, அரசர் அதனை நெகிழவிட்டது தகுமோ எனின், கூறுதும். கன்றை இழந்த பசுவிற்காகத் தம் மைந்தன்மேல் தேரூர்ந்த சோழர் வரலாற்றையும் இதே புராணத்தில் வைத்தவர் சேக்கிழார். அவர் முறைமை அறியாதவரல்லர். சோழர் முறை செய்தது பிறிதோருயிர் பட்ட துயருக்கு. மெய்ப்பொருளார் துறந்தது தமக்குற்ற தீங்கின் பகையை. தாம் பட்டதனைப் பொறுக்க ஒருவர்க்கு உரிமையுண்டு. பிறர் பட்டதனைப் பொறுத்தோம் என்று கூற எவர்க்கும் உரிமையில்லை. ஆதலின், டில்லியில் தந்தையரையும் கணவரையும் இழந்தார் நீதிமன்றத்தில் முறை வேண்டி நிற்றல் பகையாகாது. அவர்களை நோக்கி, மறந்துவிடுக எனப் பிறர் கூறுதல் அமைதியுமாகாது. கொன்றவனை விடுத்து, அவன் இனத்தாரையும் சமயத்தாரையும் தேடிச் செல்லும் சினமே பகையென்க.

இனி, நாயனார் பொறுத்தது சைவ வேடத்தையன்றோ, பிற சமயத்தார்க்கு இஃது எங்ஙனம் பொருந்தும் என வினவுவாருமுளர். கவளியினின்று படை வெளிப்பட்டபோதே வேடம் பொய்யென்பது நாயனார்க்குப் புலனாயிற்று. அறிந்த பின்னரே நம்மவர் என்றனர். பொய்யாகத் தாங்கிய கோலத்தையே போற்றிய அவர்வழி நிற்பேம் என்பார், பிறர் மெய்யன்போடு தாங்கும் கோலத்தை வெறுத்தல் எவ்வாறு கூடும்? எவ்வுயிர்க்கும் உயிராய் நிற்பவன் இறைவன் என்னும் சித்தாந்தத்தை நாவாற் சொல்லி நெஞ்சிற் பகை வளர்ப்பார், முத்தநாதனைப் போல வேடத்துள் வாளை மறைத்தவரேயாவர்.

திருச்சிற்றம்பலம்.