ஜனதாவின் முகம்: ‘அசல்’ எனும் கற்பிதம் குறித்து

1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது எச்.எம்.டி. சாவி கொடுத்து ஓடும் அதன் மாடல்களில் ஒன்றுக்குப் பெயரே ‘ஜனதா’. 2016இல் அந்தக் கடிகார நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இன்று ஜனங்களின் வாட்ச் சேகரிப்பாளர்களின் பண்டம்.

சேகரிப்புச் சொல்லாடலின் மையம் ‘அசல்’. டயல் மங்கியிருக்கலாம், கண்ணாடி கீறியிருக்கலாம். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தால் போதும். டயலுக்குப் புதுச் சாயம் பூசி, வேறொரு வாட்சின் சக்கரத்தைப் போட்டு ஓடவைத்தது என்றால் ‘பம்பாய் சரக்கு’ என்று தள்ளிவிடுவார்கள். புதுச்சாயத்தை அசல் என்று விற்பது மோசடிதான், சந்தேகமில்லை. ஆனால் மோசடி விற்கிறவன் சொல்லில் இருக்கிறது. பழுதுபார்த்தவன் வேலையில் இல்லை. உப்புக்காற்றில் துருவேறியதைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, கிடைத்த பாகத்தைப் பொருத்தி, ‘இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்பா’ என்று கொடுத்த கையை இந்தச் சொல்லாடல் அழித்துவிடுகிறது.

பழவேற்காட்டை இங்கே ஒரு பிரதியாக வாசிக்கலாம். டச்சுக் கல்லறை வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகள். ஒன்றின் தலைமேல் மணற்கடிகாரம். நின்றுபோன இந்தக் காலத்தைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. ஏரியையும் கடலையும் பிரிக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலோ நொடிகளைப் பின்னோக்கி எண்ணுகிறார்கள். ராக்கெட் ஏவும் நாளில் மீனவர் கடலுக்குப் போகக்கூடாது. இரண்டுக்கும் நடுவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற குப்பங்களின் ‘பாடு’: எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலைகட்டுவது என்று சீட்டுப்போட்டு முறைவைக்கும் ஏற்பாடு. உழைப்புக்கும் துன்பத்துக்கும் தமிழில் அதே சொல்தான்.

இந்தக் காலத்துக்கு டயல் கிடையாது. திரும்பத் திரும்பப் பேசி, திருத்தி, ஓடவைத்தால்தான் உண்டு. ‘அசல் பாடு’ என்று ஒன்றை எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் அன்றைக்கே அது செத்துப்போகும். ஆக, பழமையைக் காப்பது ஒன்று, ஓடவைப்பது வேறொன்று. முன்னதற்குச் சட்டமும் சந்தையும் இருக்கின்றன. பின்னதற்கு, அதைச் செய்கிறவர்களைத் தவிர யாருமில்லை.

பழைய வாட்சைச் சீர்செய்கிறவர்கள் மாற்றிய பாகத்தையும் அதன் வரலாறாக எழுதிவைக்கலாமே. பின்மூடியின் உட்புறத்தில் ரிப்பேர்க்காரர்கள் ஊசியால் கீறிய குறிகள் பலவற்றில் கிடக்கும். மெருகேற்றுகிறேன் என்று அதைத் தேய்த்துவிடாதீர்கள். அது அழுக்கல்ல, கையெழுத்து.