மேர்ஜ் இயக்கத்தாரும் மூன்றாம் அயலவரும்: நாவற்குடாவிலிருந்து ஒரு நோக்கு

ஈழத்து அரசியற் சிந்தனையின் வரலாற்றை எழுதப் புகுவோர் கட்சிகளையும், பின்னர் எழுந்த ஆயுத இயக்கங்களையும் விரிவாக ஆராய்வர். இவ்விரண்டுக்கும் புறம்பாக நின்று இனநீதிக்காக உழைத்த சிறு குழுவினரை ஓரிரு வரிகளிற் கூறி மேற்செல்வர். 1979ஆம் ஆண்டு தோன்றிய ‘இனங்களுக்கிடையில் நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கம்’ அவ்வாறு ஓரிரு வரிகளுள் அடங்கிப்போன ஒன்றாகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களால் ‘மேர்ஜ்’ என்று வழங்கப்பட்ட இவ்வியக்கத்தைக் கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ நோக்குவோர்க்கு அதன் பெருமை எளிதிற் புலப்படும். மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்குமிடையே கிடக்கும் ஒடுங்கிய நிலப்பரப்பில், காத்தான்குடிக்கு அயலிலமைந்த நாவற்குடாவிலிருந்து நோக்கும்போது, அப்பெருமையோடு ஒரு குறைபாடும் புலப்படுகின்றது. அதனைக் கூறாது விடுதல் அவ்வியக்கத்தார் பயின்ற விமர்சன நெறிக்கே முரணானது.

இயக்கம் தோன்றிய சூழல் யாவரும் அறிந்ததே. 1979 யூலையில் யாழ்ப்பாணத்தில் அவசரகாலநிலை பிரகடனப்படுத்தப்பட்டது. அதே மாதத்திற் பயங்கரவாதத் தடைச்சட்டம் நிறைவேறியது. மூன்றாண்டுக்கென்று கொண்டுவரப்பட்ட அச்சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. இவ்வுடனடிக் காரணத்துக்குப் பின்னே ஆழமான வேறொரு காரணமும் உண்டு. 1956இல் இரு மொழிகளுக்கும் சம அந்தஸ்துக் கோரிநின்ற லங்கா சமசமாஜக் கட்சி 1964இற் கூட்டரசாங்கத்திற் புகுந்தது. ஒரே மொழி என்ற கொள்கை நாட்டை இரண்டாக்கும் என்று முன்பு எச்சரித்த கொல்வின் ஆர். டி சில்வாவே, சிங்களத்தை அரசகரும மொழியாகவும் பௌத்தத்தை முதன்மை பெற்ற மதமாகவும் ஏற்ற 1972ஆம் ஆண்டு யாப்பினை வரைந்தார். இடதுசாரி இயக்கத்தின் மனச்சாட்சி அங்கே உடைந்தது என்பது மிகையன்று. உடைந்த அம்மனச்சாட்சியின் துண்டுகளைப் பொறுக்கியெடுத்தோரிற் சிலரே மேர்ஜ் இயக்கத்தை அமைத்தனர்.

அவர்கள் யாவர்? 1972இல் கண்டியிற் சத்தியோதயத்தை நிறுவி மலையகத் தோட்டத் தொழிலாளர் மத்தியிற் பணியாற்றிய இயேசுசபைத் துறவி போல் கஸ்பர்ஸ். சிவில் சேவையில் உயர்பதவி வகித்த சாள்ஸ் அபயசேகர. தொழிலாளர் இயக்க வரலாற்றை ஆராய்ந்த குமாரி ஜயவர்த்தன. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் வரலாற்றை மீட்டுத்தந்த சீலன் கதிர்காமர். இலக்கிய விமர்சகர் றெஜி சிறிவர்த்தன. இவர்களுட் பெரும்பாலோர் ஆங்கிலக் கல்விபெற்ற மத்தியதர வகுப்பினர். இதனையே குற்றமாகச் சுமத்தி இவர்களை ஒதுக்கியோர் இரு பக்கத்திலும் இருந்தனர். ஆயின், தத்தம் நிறுவனத்துள்ளே நின்று அந்நிறுவனத்தின் பழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கியமையே இவர்களுக்குப் பொதுவான இயல்பு. துறவி திருச்சபைக்குள்ளிருந்தும், அதிகாரி அரச நிருவாகத்தின் உள்ளியல்பை அறிந்தும், வரலாற்றாசிரியர் தம் சமூகம் மறந்துவிட்ட முற்போக்கு மரபை நினைவூட்டியும் செய்த பணி, மேடையில் நின்று ஒற்றுமை பேசுவதினும் கடினமானது.

இவர்களுள் றெஜி சிறிவர்த்தன தனித்து நோக்கற்பாலர். இளமையிற் சமசமாஜக் கட்சியைச் சார்ந்தவர். ‘கம்பெரலிய’ திரைப்படத்துக்குத் திரைக்கதை எழுதியவர். ருஷ்யமொழி பயின்று அம்மொழிக் கவிதைகளை ஆங்கிலத்திற் பெயர்த்தவர். அவருடைய அரசியலெழுத்துக்கும் இலக்கிய விமர்சனத்துக்கும் இடையே சுவரில்லை. 1980களின் முற்பகுதியிற் பாடசாலைப் பாடநூல்கள் பற்றி அவரும் பேராசிரியர் கா. இந்திரபாலாவும் வேறிருவரும் இணைந்து செய்த ஆய்வு இதற்குத் தக்க சான்று. சிங்கள வாசிப்பு நூல்களின் உலகு ஏறத்தாழ முழுவதும் சிங்கள பௌத்த உலகாகவே அமைந்திருந்ததையும், அங்கே தமிழன் பெரும்பாலும் பழைய போர்க்களத்துப் பகைவனாகவே தோன்றியதையும் அவ்வாய்வு எடுத்துக்காட்டிற்று. ஒரு கவிதையைச் சொற்சொல்லாக வாசிக்கும் விமர்சகன் அதே கண்ணாற் குழந்தையின் பாடநூலை வாசித்தபோது, இனவாதம் கூச்சலில் மட்டுமன்றி, படத்திலும் பெயரிலும் எடுத்துக்காட்டு வாக்கியத்திலும் குடியிருப்பது வெளிப்பட்டது. மேர்ஜ் வட்டத்தாரின் எழுத்துக்கள் அனைத்திலும் இன்றும் உயிர்ப்புடன் இருப்பது இம்முறையே எனலாம். இலக்கிய விமர்சனத்தைப் பரீட்சைக்குரிய பாடமாக மட்டுமே கருதும் பல்கலைக்கழகத் துறைகள் இதனைச் சற்றுக் கவனித்தல் நன்று.

‘அவசரகாலநிலை 79’ என்ற பொருள்படும் தலைப்புடன் 1980இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அறிக்கை வேறுவகையானது. யாழ்ப்பாணம் சென்ற குழுவினர் நேரிற் கேட்டறிந்தவற்றின் பதிவு அது. இளைஞர் பிடிக்கப்பட்டதையும் வதைக்கப்பட்டதையும் சிலர் கொல்லப்பட்டதையும் அது கூறுகின்றது. பெரும்பான்மை இனத்தவர் பலர் அங்கம் வகித்த ஓர் இயக்கம் தம் பெயரில் ஆளும் அரசின் செயலைப் பதிவுசெய்து நாட்டின் முன்வைத்தமை அக்காலத்திற் சிறு துணிவன்று. ஆனால் இவ்வறிக்கையின் கட்டமைப்பிலேயே இயக்கத்தின் எல்லையும் தெரிகின்றது. ஒருபுறம் அரசு, மறுபுறம் தமிழர், அநீதி செய்வது ஒன்று, அநீதிக்குள்ளாவது மற்றொன்று. 1979ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு இவ்வரைபடம் போதுமானது. அவ்வாண்டு மட்டக்களப்புக்கும் ஓரளவு பொருந்தியிருக்கலாம், நெடுங்காலம் பொருந்தவில்லை.

குமாரி ஜயவர்த்தனவின் ஆய்வு இவ்வரைபடத்தை அகலப்படுத்த முயன்றது. ‘இலங்கையின் இன, வர்க்க முரண்பாடுகள்’ பற்றி அவர் எழுதி 1985இல் நூலாகிய கட்டுரைகள், 1883ஆம் ஆண்டு கொட்டாஞ்சேனைக் கலவரத்திலிருந்து 1915ஆம் ஆண்டுச் சிங்கள முஸ்லிம் கலவரம், 1930களின் மலையாளி எதிர்ப்பு என்பனவற்றினூடாகச் சென்று, பகைக்குரிய ‘மற்றவன்’ காலந்தோறும் மாறிவந்தமையை விளக்குகின்றன. வணிகப் போட்டியும் உத்தியோகப் போட்டியும் இனப்பகையாக வேடமிட்டுவரும் முறையை இத்துணைத் தெளிவாகக் காட்டிய நூல்கள் மிகச் சில. எனினும், இங்கும் கதையின் மையம் சிங்களப் பெரும்பான்மையே. சிறுபான்மையினர் இருவர் தம்முள் மோதும்போது நிகழ்வது என்ன என்ற வினா நூலின் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றது.

அவ்வினா நாவற்குடாவின் வாசலில் நின்ற வினா. கல்லடிப் பாலத்தைக் கடந்து கல்முனை வீதியிற் செல்வோர் தமிழூரையும் முஸ்லிமூரையும் மாறிமாறிக் காண்பர். இவ்விரு சமூகத்தின் உறவைப் ‘பிட்டும் தேங்காய்ப்பூவும்’ என்று மட்டக்களப்பார் கூறுவர். தாய்வழிக் குடிமரபு இருசாராருக்கும் பொதுவானது. வயலும் வாவியும் சந்தையும் இருவரையும் நாள்தோறும் சந்திக்கவைப்பன. இவ்வுவமையை அளவுக்குமீறிப் பாடிக் களித்தவர்கள், பிட்டுக்குழலில் அடுக்குகள் அடுக்குகளாகவே இருக்கின்றன என்பதை மறந்தனர். 1985 ஏப்பிரலிற் காரைதீவில் இரு சமூகத்தாரும் மோதினர். 1990 ஓகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டிற் தொழுகையிலிருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக்கொன்றனர். அடுத்த சில நாட்களில் ஏறாவூரில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 5ஆம் நாள் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் நூற்றுக்கு மேற்பட்டோர் இராணுவத்தினராற் கொண்டுசெல்லப்பட்டு மீளவில்லை. 9ஆம் நாள் சத்துருக்கொண்டானில் மற்றொரு படுகொலை. ஏறத்தாழ ஐந்து வார காலத்தில் நிகழ்ந்த இவற்றை ‘அரசு எதிர் தமிழர்’ என்ற வரைபடத்துள் எவ்வாறு அடக்குவது? இங்கே பாதிக்கப்பட்டவனின் பெயராலேயே மற்றொருவன் பாதிக்கப்பட்டான்.

மேர்ஜ் இயக்கம் இவ்வினாவை முற்றாகத் தவறவிட்டது என்று கூறுதல் நேர்மையாகாது. அவ்வாண்டிலேயே அது வெளியிடத் தொடங்கிய ‘சரிநிகர்’ என்ற தமிழ்ப் பத்திரிகையே அதன் விடை. பாரதியாரின் ‘விடுதலை’ என்ற பாடலில் ஆண் பெண் சமத்துவத்தைக் குறித்துவரும் சொல்லைத் தலைப்பாகக் கொண்ட இப்பத்திரிகை 2001 வரை வெளிவந்தது. சிங்கள வாசகருக்கென ‘யுக்திய’ இருந்தது. ஒரே உரையை இரு மொழியிற் பெயர்க்காது, இரு வாசகர் கூட்டத்துக்கும் அவரவர் கேட்க விரும்பாததை அவரவர் மொழியிற் கூறவேண்டும் என்ற எண்ணமே இவ்விரு பத்திரிகைகளின் அடிப்படை. அரசின் ஒடுக்குமுறையைச் சாடிய அதே தாளில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டமையைக் கண்டித்தும் எழுதமுடிந்தது. முஸ்லிம்களின் அரசியல் தனித்துவம் பற்றிய விவாதமும் பெண்ணிலைவாதமும் புதுக்கவிதையும் அடுத்தடுத்த பக்கத்தில் நின்றன. சிறிவர்த்தன பாடநூலிற் கண்ட நோயைத் தமிழ்த் தேசியத்தின் சொற்களிலும் தேடிய முயற்சி என்று இதனைக் கொள்ளலாம். 1979இல் வரையப்பட்ட கோட்டை இப்பத்திரிகை தாண்டியது.

தாண்டியும் அதன் நிலைக்களம் கொழும்பே. இயக்கம் என்பது படிப்படியாக அலுவலகமாகவும் திட்டமாகவும் மாறிய காலம் அது. 1990களில் இந்நாட்டு மனித உரிமை அமைப்புக்கள் பலவற்றைப் பிடித்த மாற்றம் இது. கொழும்பு ஆய்வாளனுக்கு ஊர் செய்தி மூலமாகவும், ஊராருக்கு அவன் விருந்தாளியாகவும் ஆகிவிடுகின்றனர். எழுதுவோன் அன்று மாலை தலைநகர் திரும்பலாம். நாவற்குடாக்காரனோ மறுநாட் காலை காத்தான்குடிச் சந்தைக்குச் செல்லவேண்டியவன்.

இவ்விடத்தில் மட்டக்களப்பிலேயே தங்கியிருந்து உழைத்தோரை ஒப்புநோக்குதல் பொருத்தமானது. கஸ்பர்ஸ் அடிகளின் சபையைச் சேர்ந்த ஹரி மில்லர், யூஜின் ஹீபேட் ஆகிய அமெரிக்கத் துறவியர் புனித மிக்கேல் கல்லூரியில் ஆசிரியப்பணி செய்தவர்கள். சமாதானக் குழுவில் இணைந்து காணாமற்போனோரின் விபரங்களைத் திரட்டியவர்கள். பிரசைகள் குழுவின் தலைவராயிருந்த சந்திரா பெர்னாண்டோ அடிகள் 1988 யூன் 6ஆம் நாள் மட்டக்களப்பிற் சுட்டுக்கொல்லப்பட்டார். 1991இல் கொழும்பில் இடம்பெயர்ந்த பெண்களிடையே தொடங்கி 1993இல் மட்டக்களப்புக்குப் பெயர்ந்த சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் தமிழ்ப் பெண்களோடும் முஸ்லிம் பெண்களோடும் பணியாற்றிற்று. இவர்கள் கோட்பாட்டு நூல்கள் எழுதவில்லை. பெயர், ஊர், நாள், கொண்டுசென்றோர் யார் என்ற நான்கு நிரல்களுள் அடங்கும் பதிவுகளே அவர்களது எழுத்து. அப்பதிவுகளில் வரைபடத்தின் இருபக்கத்தாரும் ஒரே தாளில் வருகின்றனர்.

ஹீபேட் அடிகள் 1990 ஓகஸ்ட் 15ஆம் நாள் வாழைச்சேனையிலிருந்து ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். உடன் ஒரு தமிழ் இளைஞரும் சென்றார். ஏறாவூரிற் கொலைகள் நிகழ்ந்து மூன்று நாட்களே கழிந்திருந்தன. அவ்விருவரும் ஊர் வந்து சேரவில்லை. அவர்கள் சென்ற வாகனமும் கிடைக்கவில்லை.