சீறலில் பிறக்கும் தாளம்

ஜப்பானிய ரோலண்ட் நிறுவனம் 1980-இல் வெளியிட்ட டி.ஆர்-808 என்னும் டிரம் மெஷினின் நாதத்தில் லயித்தவர்கள், அதைத் தம் கையாலேயே கட்டிப் பார்க்க ஆசைப்படுவதில் ஆச்சரியமில்லை. 1983-இல் உற்பத்தி நின்றுபோன அந்தக் கருவி இன்று யானை விலை, குதிரை விலை விற்கிறது. ஆகவே அதன் சர்க்யூட்டை அடியொற்றிய கிட்களை வாங்கி, உதிரிப் பாகங்களை ஒவ்வொன்றாக ஈயம் வைத்துச் சேர்க்கும் ரசிகர்கள் பல தேசங்களிலும் இருக்கிறார்கள்.

வண்ணக் கோடுகளைப் பார்த்து ரெசிஸ்டர்களைப் பிரிப்பதும், எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களைத் திசை மாறாமல் அமர்த்துவதும் பொறுமையுள்ளவர்க்கு வசப்படும். பளபளப்பின்றிச் சாம்பல் பூத்து நிற்கும் ஒரு டிரை சால்டர் போதும், கருவியின் குரல்களில் ஒன்று அடைத்துப் போவதற்கு. ஆயினும் அது கண்ணுக்கு அகப்படும் குற்றம்.

செவிக்கு மட்டுமே அகப்படுபவைதான் உண்மையான சோதனை. பாஸ் டிரம் சர்க்யூட்டை ஒரு மின்துடிப்பு தட்டியதும், அது விநாடிக்கு ஏறக்குறைய 50 முறை அதிர்ந்து மெல்லத் தேய்ந்து அடங்குகிறது. அங்குள்ள இரண்டு கெப்பாசிட்டர்களின் அளவு இம்மியளவு பிசகினாலும் சுருதி நகர்ந்துவிடுமாதலால், ஒரே கிட்டிலிருந்து பிறந்த இரு கருவிகள்கூட ஒன்றுபோல் முழங்குவதில்லை. இத்தனை தாழ்ந்த நாதத்தை மேஜைமேல் வைத்த சிறு ஸ்பீக்கரில் தேடுகிறவர், கருவி ஊமையென்று மயங்கி, குற்றமற்ற ஈயத்தையெல்லாம் உருக்கிப் பாழாக்க நேரும்.

எனினும் இக்கருவியின் ஜீவன், என் அபிப்பிராயத்தில், ஒரே ஒரு டிரான்சிஸ்டரில் இருக்கிறது. அதன் எமிட்டருக்கும் பேஸுக்கும் இடையே மின்னழுத்தத்தைத் தலைகீழாகக் கொடுக்கும்போது எழும் ‘உஸ்’ஸென்ற சீறலே ஸ்நேர் டிரம்மின் சலசலப்பாகவும், கைதட்டலாகவும், மராக்காஸாகவும் உருவம் கொள்கிறது. மற்றச் சர்க்யூட்டுகளில் விலக்க வேண்டிய தோஷமாகிய இந்த இரைச்சலுக்காகவே, ரோலண்டின் ஸ்தாபகர் இகுடாரோ ககெஹாஷி, குறையுள்ளவை என்று தள்ளப்பட்ட டிரான்சிஸ்டர்களைத் தேடி வாங்கினார். உற்பத்தி முறைகள் திருந்தி அத்தகைய குறையுள்ளவை கிடைப்பது அரிதாகிவிடவே, 808-இன் உற்பத்தியும் நின்றது. ஆதலால் விஷயம் தெரிந்தவர்கள் அந்த இடத்தில் நேராக ஈயம் வைப்பதில்லை. சிறு சாக்கெட் ஒன்றைப் பொருத்திவிட்டு, கைவசமுள்ள டிரான்சிஸ்டர்களை ஒவ்வொன்றாகச் செருகிக் கேட்கிறார்கள்: ஒன்று மெலிந்து சீறும், ஒன்று விட்டுவிட்டுப் பொரியும், அபூர்வமாக ஒன்று நிறைந்து, சீராக இரையும். பொறுக்கியெடுத்த டிரான்சிஸ்டரைக் கிட்டோடு சேர்த்து அனுப்பும் விற்பனையாளர்கள் உபகாரிகள்தாம். ஆனாலும் இந்தத் தேர்வைப் பிறரிடம் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் ஒப்பாது.