இழுத்தால் சுருங்கும் ஸ்பிரிங்

கம்பம், போடியிலிருந்து ஆனைக்கரைப் பக்க ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்புகளின் பிரேக் டிரம்மைக் கழற்றினால் ஒரு சின்ன ஸ்பிரிங் தெரியும். மிதியிலிருந்து காலை எடுத்ததும் இரண்டு பிரேக் ஷூக்களையும் உள்ளே இழுப்பது அதுதான். சுருள்கள் இறுக ஒட்டியிருக்கும். பிரிக்கவே கொஞ்சம் பலம் வேண்டும். இவ்வகை பெரும்பாலும் முறிவது கொக்கி வளைவில். வாங்கும்போது வளைவில் கீறலோ துருவோ இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

கொக்கி முறிந்தால் பாரம் விழுந்துவிடும் என்பதால், ஆள் தொங்கும் ஊஞ்சலுக்கு வேறு ரகம்: டிராபார் ஸ்பிரிங்.

இதில், அமுங்கும் சுருளுக்குள் இரண்டு நீள வளையக் கம்பிகள் எதிரெதிரே நுழைந்து, ஒவ்வொன்றும் மறுமுனையைப் பற்றியிருக்கும். இழுக்க இழுக்கச் சுருள் நெருங்கும். பாரம் மிஞ்சினால் சுருள்கள் ஒட்டி நின்றுவிடும். சுருளே முறிந்தாலும் பெரும்பாலும் கம்பிகள் பாரத்தை விடாது. எத்தனை அழகான யோசனை! பிள்ளைத் தொட்டிலுக்கு ஸ்பிரிங் தேடுபவர்கள் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.