பழகிப்போன கால்கள்

என் பழைய கதை ஒன்றை மறுபிரசுரத்துக்காகத் திருத்திக்கொண்டிருந்தேன். அதில் மலைக்கிராமத்துப் பெண் ஒருத்தி தலைச்சுமையோடு ஏற்றத்தில் வருகிறாள். "அவளுக்கு அது பூக்கூடை" என்று எழுதியிருக்கிறேன். கதை வெளிவந்தபோது நண்பர்கள் இரண்டு பேர் அந்த வாக்கியத்தைப் பாராட்டினார்கள். எனக்கும் அதில் சற்றுப் பெருமைதான். இப்போது படித்தால் கூசுகிறது.

நம் கதைகளில் மலைவாசிகள் இரண்டு விதமாகத்தான் நடக்கிறார்கள். ஒன்று, மான் போலத் துள்ளுவார்கள். இல்லாவிட்டால் மூச்சிரைக்க, வியர்வை ஆறாகப் பெருக, வாசகர் கண்ணில் நீர் வரும்வரை ஏறுவார்கள். மான் என்று எழுதுகிறவர் நடப்பவளைப் பார்க்கவில்லை. வியர்வையை எழுதுகிறவர், தாம் ஒரு தடவை மலையேறி அவஸ்தைப்பட்டதை அவள்மேல் ஏற்றிவிடுகிறார். கொல்லிமலை என்றால் கேட்கவே வேண்டாம். ஓரியின் வில்லும் கொல்லிப்பாவையின் சிரிப்பும் வந்து வழிமறித்துக்கொண்ட பிறகு அங்கே குடியிருக்கும் மனிதருக்கு இடம் ஏது?

கதையை எழுதிய காலத்தில் நான் அந்த மலையைக் கண்டதுகூட இல்லை. பிற்பாடுதான் போனேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் கடந்து, திருப்புலி நாட்டில் இரண்டு நாள் தங்கினேன். (நாடு என்பது அங்கே சில ஊர்கள் சேர்ந்த பகுதி. அங்கு வாழும் மலையாளிகளைக் கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தமிழ் பேசும் மலைக்குடிகள் இவர்கள்.) ஒருநாள் காலையில் ஒற்றையடிப் பாதையில் எனக்கு முன்னால், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் போய்க்கொண்டிருந்தார். தலையில் சும்மாடு, அதன்மேல் அன்னாசிக் கூடை. என் கையில் குடை மட்டும்.

அவர் தலை அசையவில்லை. பாதம் தரையை விட்டு அதிகம் எழும்பவில்லை. ஏற்றம் வந்ததும் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். நான் குறைக்கவில்லை, அவரைத் தாண்டிப் போய், மேட்டில் மூச்சு வாங்க நின்றேன். அவர் தோளுயரப் பாறை ஒன்றில் கூடையைச் சாய்த்துவைத்துச் சிறிது நேரம் நின்றார். பிறகு அதே நடையில் வந்து என்னைக் கடந்தார்.

"உங்களுக்குப் பழக்கம் அம்மா" என்றேன்.

"பழகாம என்னங்க? ராத்திரிதான் கழுத்து கணக்குக் கேக்கும்" என்றார்.

இந்தப் பழக்கம் என்பது என்ன என்று ஊருக்குத் திரும்பியதும் தேடிப் படித்தேன். நெடுந்தூர ஓட்டக்காரர்களை ஆராய்கிறவர்கள், ஓடும் பட்டையின்மேல் அவர்களை ஓடவிட்டு, முகமூடி மாட்டி, உடல் எடையில் கிலோவுக்கு எவ்வளவு பிராணவாயு செலவாகிறது என்று அளக்கிறார்கள். எவ்வளவு மூச்சை உள்ளே வாங்க முடியும் என்பது ஒரு கணக்கு. வாங்கியதை எவ்வளவு சிக்கனமாகச் செலவழிக்கிறார்கள் என்பது வேறொரு கணக்கு. ஆஸ்திரேலியாவின் டெரெக் கிளேட்டன் 1967இல் மாரத்தானை இரண்டு மணி பத்து நிமிஷத்துக்குள் ஓடிமுடித்த முதல் மனிதர். மூச்சு வாங்கும் சக்தியில் அவர் முதல்வரிசைக்காரர் அல்ல. செலவில் கெட்டிக்காரர். இங்கிலாந்தின் பாலா ராட்கிளிஃபை 1992 முதல் பதினோரு வருஷம் அளந்து பார்த்தார்கள். உச்ச அளவு ஏறக்குறைய அப்படியே இருந்தது. அதே வேகத்துக்கு ஆகும் செலவு மட்டும் சுமார் 15 சதவிகிதம் குறைந்துவிட்டது. 2003இல் லண்டனில் 2 மணி 15 நிமிஷம் 25 விநாடியில் அவர் உலக சாதனை செய்தார்.

இதில் எழுத்தாளனுக்கு உறைக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த ராட்கிளிஃப் தலையை ஆட்டி ஆட்டி ஓடுவார். 1952இல் ஹெல்சிங்கியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற ஸாட்டோபெக்கோ, முகம் கோண, தோள் திருக, உயிர் போகிறவர் மாதிரி ஓடியவர். ஆக, லாகவம் கண்ணுக்குத் தெரிந்துதான் ஆகவேண்டும் என்பதில்லை. அழகாக அசைகிற உடம்புக்குச் சிரமமில்லை என்றும், கோணிய முகத்துக்குள் வேதனை மட்டுமே இருக்கிறது என்றும் நாம் எழுதுவது வெறும் ஊகம். வெறுங்காலும் அப்படித்தான். நம் சிவ்நாத் சிங் 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிஷத்தில் மாரத்தான் ஓடினார். வெறுங்காலால் ஓடிப் பேர் வாங்கியவர் அவர். உடனே ஏழ்மையின் மகிமை என்று ஒரு கதை எழுதத் தோன்றும். பாதத்தில் எடை குறைந்தால் மூச்சும் கொஞ்சம் மிச்சம் என்ற சங்கதி அந்தக் கதைக்குள் வராது.

சுமைக்கு வருவோம். கென்யாவின் லுவோ, கிகுயூ பெண்கள் தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தலையில் வைத்து நடந்தால் அதிகச் செலவே ஆவதில்லை என்று 1986இல் கண்டறிந்தார்கள். சுமை ஏறியதும் அவர்கள் நடை, நன்றாக ஆடும் ஊசல்போல, ஒவ்வோர் அடியின் வேகத்தையும் அடுத்த அடிக்கு மிச்சப்படுத்துகிறதாம். நேபாளச் சுமைகாரர்கள் விஷயம் இன்னும் ஆச்சரியம். 2005இல் வெளிவந்த கணக்கின்படி, ஆண்கள் தூக்கியது சராசரியாகத் தம் எடையில் 93 சதவிகிதம், பெண்கள் 66. மெதுவாக நடக்கிறார்கள், அடிக்கடி நிற்கிறார்கள். அவர்களுடைய நடையில் கென்யப் பெண்களின் ஊசல் தந்திரம்கூட இல்லை என்று 2016இல் தெரியவந்தது.

இங்கே என் 'பூக்கூடை'க்கு ஆதாரம் கிடைத்துவிட்டது என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். அற்ப சந்தோஷம். ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஐந்தில் ஒரு பங்கு பத்து கிலோ; அதற்கு மேல் ஏற ஏற அந்தக் கென்யப் பெண்களுக்கும் செலவு ஏறத்தான் செய்தது. மேலும் அந்த அளவீடு சமதரை நடைக்கு. ஏற்றத்தில் ஒவ்வொரு கிலோவையும் தரைக்கு மேலே தூக்கித்தான் ஆகவேண்டும். எந்தத் தலைமுறைப் பழக்கமும் அதைத் தள்ளுபடி செய்யாது. வீணாகும் சக்தியைத்தான் பழக்கம் மிச்சப்படுத்துகிறது. கூடையின் கனம் கூடையில்தான் இருக்கிறது.

அந்த அம்மாளிடம் நான் சொன்னேனே "பழக்கம்" என்று, அந்த வார்த்தையை யோசித்துப் பார்க்கிறேன். மாடிப்படியில் சிமெண்டு மூட்டை தூக்குகிறவரைப் பார்த்து வீட்டுக்காரர் சொல்வதும், கூலியில் பத்து ரூபாய் குறைக்க மேஸ்திரி சொல்வதும் அதுதான்: "அவங்களுக்கெல்லாம் பழகிப்போச்சு." ஓட்டக்காரர் சிக்கனமாக ஓடினால் பதக்கம், சுமைகாரர் சிக்கனமாக நடந்தால் கூலி குறைப்பு. என் வாக்கியம் மேஸ்திரியின் வாக்கியத்துக்கு உடன்பிறப்பு, கொஞ்சம் பவுடர் பூசியிருந்தது, அவ்வளவுதான். நண்பர்கள் பாராட்டியது அந்தப் பவுடரை. நம் முன்னோர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருந்திருக்கிறார்கள். சமவெளிச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். சுமக்கிறவருக்குப் பழகிவிட்டது என்று நினைத்திருந்தால் யாரும் கல்லைப் புரட்டியிருக்க மாட்டார்கள்.

'பூக்கூடை'யை அடித்துவிட்டேன். இப்போது அவள் ஏற்றம் தொடங்கும் இடத்தில் நடையைத் தளர்த்துகிறாள். பாதி வழியில் ஒரு பாறையின்மேல் கூடையைச் சாய்த்துவிட்டு நிற்கிறாள். எவ்வளவு நேரம் நிற்கிறாள், அப்போது கழுத்தைத் தேய்த்துக்கொள்கிறாளா இல்லையா என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. பதிப்பாளர் அச்சுப்படியைக் கேட்டு இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார்.