உபரி எங்கே போகிறது?

1973-ஆம் ஆண்டின் 'எக்கனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி' இதழ்களை வரிசையாகப் புரட்டினால், சில மாத இடைவெளியில் வெளிவந்த இரண்டு கட்டுரைகள் கண்ணில் படும். சனவரியில் ஆந்த்ரே குந்தர் ஃபிராங்க் எழுதியது ஒன்று. இந்திய வேளாண்மையை நிலப்பிரபுத்துவம் என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் கண்ணெதிரே நிற்கும் முதலாளித்துவத்தைப் பார்க்க மறுக்கிறார்கள் என்று அது சாடியது. மே மாதம் மைதிலி சிவராமன் எழுதியது இன்னொன்று. தலித்துகள் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணி வழக்கில் நிலவுடைமையாளர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்ததைப் பற்றியது அது. இரண்டும் ஒரே வார ஏட்டில், அநேகமாக ஒரே வாசகர்களுக்காக அச்சேறியவை. ஆனால் ஒன்றுக்கொன்று முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்திய இடதுசாரிப் பொருளியலின் மிகப் பெரிய விவாதத்தின் பலமும் குறையும் அந்த மௌனத்திலேயே இருக்கின்றன என்று நினைக்கிறேன்.

'உற்பத்தி முறை விவாதம்' என்று அதற்குப் பெயர். 1960-களின் இறுதியில் தொடங்கிப் பத்தாண்டுக்கும் மேல் நடந்தது. இந்திய வேளாண்மை முதலாளித்துவமா, அரை நிலப்பிரபுத்துவமா, அல்லது காலனியம் உருவாக்கிய தனி முறையா என்பதே கேள்வி. இதை ஏட்டுச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. 1964-இல் கம்யூனிஸ்ட் கட்சி பிளந்திருந்தது. 1967-இல் நக்சல்பாரி எழுச்சி நடந்திருந்தது. புரட்சியின் எதிரி யார், கூட்டாளி யார், நிலத்துக்காகப் போராடுவதா கூலிக்காகப் போராடுவதா என்ற கேள்விகளுக்கான பதில் அந்த ஒற்றைச் சொல்லைப் பொறுத்திருந்தது. எதிரி நிலப்பிரபு என்றால் பணக்கார விவசாயியையும் அணியில் சேர்க்கலாம். முதலாளி என்றால் அவரே எதிரி.

தொடக்கி வைத்தவர் அசோக் ருத்ரா. பசுமைப் புரட்சியால் முதலாளித்துவ விவசாயி பிறந்துவிட்டார் என்று டேனியல் தார்னர் போன்றோர் எழுதிக்கொண்டிருந்த நேரம். ருத்ரா புள்ளியியலாளர். பஞ்சாபில் 20 ஏக்கருக்கு மேற்பட்ட பண்ணைகளைத் தன் குழுவோடு ஆய்வு செய்தார். சொந்தமாகப் பயிர் செய்வது, குடும்ப உழைப்பைவிடக் கூலி உழைப்பை அதிகம் நம்புவது, இயந்திரங்களைப் பயன்படுத்துவது, சந்தைக்காக விளைவிப்பது, முதலீட்டுக்கு நல்ல லாபம் காண்பது ஆகிய ஐந்து அடையாளங்களும் ஒருவரிடமே கூடி நிற்கின்றனவா என்று கணக்கிட்டுப் பார்த்தார். கூடி நிற்கவில்லை. ஆகவே அப்படியொரு வர்க்கம் இன்னும் உருவாகவில்லை என்றார்.

உத்சா பட்னாயக் 1971-இல் அதை மறுத்தார். 1969-இல் ஒரிசா, ஆந்திரம், மைசூர், மதராஸ், குஜராத் ஆகிய ஐந்து மாநிலங்களில் 66 பெரிய விவசாயிகளைச் சந்தித்துச் சேர்த்த தகவல்கள் அவர் கையில் இருந்தன. வர்க்கம் என்பது முழு உருவத்தோடு ஒரே நாளில் இறங்கி வருவதில்லை. அது உருவாகிக்கொண்டிருக்கும் ஒரு போக்கு. சராசரிக் கணக்கில் அது மறைந்துபோகும் என்றார். ஆனால் அவர் வைத்த நிபந்தனையும் கடுமையானது. கூலிக்கு ஆள் வைப்பதும் சந்தையில் விற்பதும் மட்டும் ஒருவரை முதலாளி ஆக்கிவிடாது. கிடைத்த உபரியை மீண்டும் உற்பத்தியில் போட்டுப் பெருக்குகிறாரா என்று பார்க்க வேண்டும். காலனிய இந்தியாவில் கூலியாட்கள் பெருகினார்கள், சந்தை விரிந்தது. ஆனாலும் பணம் வட்டிக்கும் வாணிபத்துக்கும் குத்தகை வசூலுக்குமே போனது, மண்ணுக்குத் திரும்பவில்லை. பரேஷ் சட்டோபாத்யாயா இதை ஏற்கவில்லை. லெனினின் இலக்கணப்படி உழைப்புச் சக்தி பண்டமாகிவிட்டால் அது முதலாளித்துவம்தான். மறுமுதலீடு என்ற கூடுதல் நிபந்தனை எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

பிறகு பலர் வந்தார்கள். ஹம்சா அலாவியின் 'காலனிய உற்பத்தி முறை', ரஞ்சித் சாவ், நிர்மல் சந்திரா, பீகாரிலிருந்து பிரதான் பிரசாத் என்று பட்டியல் நீளும். எல்லோரையும் விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1982-இல் ஆலிஸ் தார்னர் அதே வார ஏட்டில் மூன்று பகுதிகளாக எழுதிய மதிப்பீடு இன்றும் நல்ல வழிகாட்டி. இருவரை மட்டும் விட்டுவிட முடியாது.

ஒருவர் அமித் பாதுரி. வங்கக் கிராமங்களில் நிலம் கொடுப்பவரே கடனும் கொடுப்பவராக இருப்பதைக் கண்டு 1973-இல் ஒரு தர்க்கத்தை முன்வைத்தார். வாரத்துக்குப் பயிரிடுபவரின் விளைச்சல் கூடினால் அவர் கடனிலிருந்து மீண்டுவிடுவார். அப்போது நிலக்காரருக்கு வட்டி வருமானம் குறையும். ஆகவே புதிய விதையும் உரமும் வருவதை நிலக்காரரே விரும்பமாட்டார். பின்தங்கிய நிலைக்கு அறியாமையைக் காரணம் காட்டிவந்த பொருளியலுக்கு இது சரியான அடி. பின்னர் பிரணாப் பர்தனும் ருத்ராவும் கிழக்கிந்தியக் கிராமங்களில் விசாரித்தபோது, பல நிலக்காரர்கள் பயிர்ச் செலவுக்கே கடன் கொடுத்து ஊக்குவிப்பதும் தெரியவந்தது. பாதுரியின் முடிவு எல்லா ஊருக்கும் பொருந்தவில்லை. ஆனால் நிலத்தையும் கடனையும் உழைப்பையும் தனித்தனியாகப் பார்க்காதே என்ற அவருடைய பாடம் நிலைத்தது.

மற்றவர் ஜைரஸ் பானாஜி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதித் தக்காணத்தை ஆராய்ந்து 1977-இல் எழுதினார். நிலம் விவசாயி பெயரில் இருக்கிறது, ஏர் அவருடையது. ஆனால் விதைக்கும் சோற்றுக்கும் முன்பணம் தருபவர் வட்டிக்காரர், விளைச்சலை எடுத்துக்கொள்பவரும் அவரே. அப்படியென்றால் விவசாயிக்கு மிஞ்சுவது உண்மையில் கூலிதான். உடைமை வெறும் தோற்றம். ஆரணிப் பக்கம் வீட்டிலேயே தறி வைத்திருக்கும் பட்டு நெசவாளி, நூலும் டிசைனும் முதலாளியிடம் வாங்கி நெய்து கொடுப்பதை அறிந்தவர்களுக்குப் பானாஜியை விளங்கிக்கொள்ள அகராதி வேண்டாம்.

இப்போது வெண்மணிக்கு வருவோம். 1968 டிசம்பர் 25 இரவு, கிழக்குத் தஞ்சையில் ஒரு குடிசைக்குள் தஞ்சம் புகுந்த 44 தலித்துகள் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். தகராறு அறுவடைக் கூலி பற்றியது. நிலவுடைமையாளர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற பெயரில் திரண்டிருந்தார்கள். இந்த விவரங்களை ருத்ராவின் அட்டவணையில் வைத்துப் பாருங்கள். சந்தைக்கு நெல் விளைவிக்கிறார்கள், கூலிக்கு ஆள் வைக்கிறார்கள், உள்ளூரார் மறுத்தால் வெளியூர் ஆட்களை இறக்குகிறார்கள், முதலாளிகளைப் போலவே சங்கம் வைத்திருக்கிறார்கள். ஆனால் கூலி உயர்வு கேட்டவரைச் சேரியோடு கொளுத்துகிறார்கள். எந்த உற்பத்தி முறை இது? முதலாளித்துவம் வளர வளரச் சாதிக் கட்டு தானே தளரும் என்று எதிர்பார்த்த கோட்பாட்டுக்கு வெண்மணி பெரிய மறுப்பு. கூலியைக் குறைவாக வைத்திருக்கச் சாதி பயன்பட்டது. கூலிச் சண்டை சாதிச் சண்டையாகவே நடந்தது. கன்னட நாட்டிலிருந்து வந்து தமிழ் கற்றுத் தஞ்சையில் பண்ணையாட்களைத் திரட்டிய பி. சீனிவாசராவுக்கு 1940-களிலேயே இது தெரிந்திருந்தது. கூலி உயர்வோடு, சவுக்கடிக்கும் சாணிப்பால் புகட்டும் தண்டனைக்கும் எதிரான போராட்டத்தையும் அவர் சேர்த்தே நடத்தினார்.

விவாதத்தில் பங்கேற்ற பெரும்பாலோர் சாதியை மேற்கட்டுமானத்துக்குத் தள்ளிவிட்டு, உரையாடலை மார்க்ஸ், லெனின், காவுட்ஸ்கி மேற்கோள்களுக்குள் நடத்தினார்கள். விலக்குகள் உண்டு. செங்கல்பட்டு ஊர்களை அறிந்த ஜோன் மென்ச்சர் 1974-இல் வர்க்கப் பிரிவுகளைச் சாதியோடு சேர்த்து வரிசைப்படுத்தினார். கெயில் ஓம்வெட் பிறகு அதை அழுத்தமாகச் சொன்னார். ஆனால் விவாதத்தின் நடுமேடை அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

விவாதம் ஓய்ந்தபின் அதன் உண்மையான பயன் தமிழ் ஊர்களில்தான் விளைந்தது என்பது என் கணிப்பு. வெங்கடேஷ் ஆத்ரேயா, யோரன் யூர்ஃபெல்ட், ஸ்டாஃபான் லிண்ட்பெர்க் மூவரும் திருச்சி மாவட்டத்தின் ஆறு ஊர்களில் 1979-80-இல் வீடுவீடாகக் கணக்கெடுத்தார்கள். முதலாளித்துவ வளர்ச்சிக்கான தடைகள் உடைந்துவிட்டன என்று 1990-இல் நூலாக எழுதினார்கள். அதே குடும்பங்களைக் கால் நூற்றாண்டுக்குப் பிறகு தேடிப் போனபோது, பெரிய நிலக்காரர்கள் தேய்ந்திருந்தார்கள். குடும்ப விவசாயம் நின்றிருந்தது. வயலுக்கு வெளியிலிருந்து வரும் வருமானம் பெருகியிருந்தது. விவசாயிகள் முதலாளிகளாகவும் கூலிகளாகவும் பிரிவார்கள் என்று லெனின் ரஷ்யாவைப் பற்றிச் சொன்ன இரு முனைப் பிளவு இங்கே அந்த வடிவில் நடக்கவில்லை. வி.கே. ராமச்சந்திரன் கம்பம் பள்ளத்தாக்கின் கோகிலாபுரத்தில் 1977-இல் ஆய்வு செய்து, கூலி உழைப்பு பெருகிய அதே இடத்தில் கடனும் கட்டாயமும் அந்த உழைப்பாளியைக் கட்டிப்போட்டிருப்பதைக் காட்டினார். நவீனச் சந்தை வந்தால் கொத்தடிமைத்தனம் போய்விடும் என்ற நம்பிக்கை அங்கே தகர்ந்தது.

வடஆர்க்காட்டில் ஜான் ஹாரிஸும் பார்பரா ஹாரிஸ்-ஒயிட்டும் 1970-களிலிருந்து செய்த வேலை, விவாதம் அதிகம் கண்டுகொள்ளாத சந்தையைப் பிடித்துக்கொண்டது. ஆரணியின் நெல் மண்டிகளையும் அரிசி ஆலைகளையும் பார்பரா பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். மண்டிக்காரர் முன்பணம் தருகிறார். அறுத்ததும் நெல் அவரிடமே போகிறது. விலை பேசும் உரிமை விவசாயிக்கு இல்லை. விலை என்பது தேவையும் வரத்தும் சந்திக்கும் புள்ளி என்று பாடப்புத்தகம் சொல்லும். அந்தப் புள்ளியில் சாதிச் சங்கம், குடும்பம், ஆண் வாரிசு, உள்ளூர் அரசியல் எல்லாம் உட்கார்ந்திருப்பதை அவர் காட்டினார். தடையற்ற சந்தையைப் புகழ்பவர்களுக்கும், சந்தையை ஒரே வரியில் கண்டித்துவிட்டு நகரும் இடதுசாரிகளுக்கும் சேர்த்தே சொல்லப்பட்ட பதில் அது.

பெங்களூரு ஆஸ்டின் டவுனில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் எதற்கு எழுத வேண்டும்? 1809-இல் ஆங்கிலேயர் கண்டோன்மென்ட் அமைத்ததிலிருந்து அதைக் கட்டியும் துவைத்தும் சமைத்தும் நடத்தியவர்களில் பெரும்பகுதியினர் வடஆர்க்காட்டிலிருந்தும் அதன் அண்டைப் பகுதிகளிலிருந்தும் வந்த தமிழர்கள். கோலார் தங்கவயல் சுரங்கங்களுக்குள் இறங்கியவர்களும் பெரும்பாலும் அதே மாவட்டத்தின் தலித்துகள்தான். ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் தமிழ்க் குடும்பங்களிடம் சொந்த ஊர் கேட்டால் ஆரணி, ஆம்பூர், திருவண்ணாமலை என்ற பெயர்கள் வரும். அரை நிலப்பிரபுத்துவம் என்று ஏடுகள் சொன்னதிலிருந்து கால்நடையாகவும் ரயிலிலும் வெளியேறியவர்கள் இவர்களுடைய பாட்டன் பாட்டிகள். விவாதம் இந்த வெளியேற்றத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. விவசாயி, கூலி, குத்தகைதாரர் என்று ஊருக்குள் இருப்பவர்களை மட்டுமே வகைப்படுத்தியது. தப்பிப்போவதும் வர்க்கப் போராட்டத்தின் ஒரு வடிவம் என்று பார்க்கவில்லை.

இந்த நகரத்தில் அந்தப் பழைய கேள்விகள் வேறு உடுப்பில் நிற்கின்றன. கட்டட வேலைக்கு மேஸ்திரி தரும் முன்பணம், பாதுரியும் பானாஜியும் விவரித்த முன்பணத்தின் வாரிசு. கல்யாண் சன்யால் 2007-இல் எழுதிய நூல், மூலதனத்தால் வெளியே தள்ளப்பட்டு, தள்ளுவண்டியும் சிறு கடையும் வீட்டு வேலையுமாகப் பிழைப்பவர்கள் முதலாளித்துவத்துக்கு முந்தைய மிச்சம் அல்லர் என்றது. அதே முதலாளித்துவம் அன்றாடம் உண்டாக்கும் 'தேவைப் பொருளாதாரம்' அவர்களுடையது. பெங்களூருவின் குடிசைப் பகுதிகளையும் ஆடைத் தொழிற்சாலைப் பெண்களையும் ஆராய்ந்த சுப்ரியா ராய்சௌத்ரி, வளரும் நகரத்தில் இவர்களுக்கு மேலேறும் படி இல்லை என்று காட்டினார். மைக்கேல் கோல்ட்மன் 2011-இல் இந்த நகரத்தை வைத்தே ஊக வாணிப நகரமாக்கம் பற்றி எழுதினார். உபரி எங்கே போகிறது என்று உத்சா பட்னாயக் கேட்ட கேள்விக்கு இன்றைய பெங்களூரு தரும் பதில், மனை.

சன்யாலின் பிரிவினையில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. தேவைப் பொருளாதாரத்தை மூலதனத்துக்கு வெளியே வைத்தால், அங்கே உறிஞ்சப்படும் உழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகும். வீட்டில் ஆடைக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கும் பெண் மூலதனத்துக்கு வெளியே இல்லை. பானாஜியின் கண்ணால் பார்த்தால் அவர் பெறுவது துண்டுக் கூலி.

ஈழத்திலும் இலங்கையிலும் இந்த விவாதம் நடந்தது என்பதைத் தமிழ் வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். எஸ்.பி.டி. டி சில்வா 1982-இல் எழுதிய பெருநூல், தேயிலைத் தோட்டம் நவீன முதலாளித்துவம் என்ற பொதுக் கருத்தை மறுத்தது. தொழில்நுட்பத்தை உயர்த்தாமல், மலிவான கட்டுண்ட உழைப்பை மட்டுமே நம்பி வளர்ந்த தோட்டம் பின்தங்கிய நிலையைத்தான் உற்பத்தி செய்தது என்றார். அந்தக் கட்டுண்ட உழைப்பு தமிழகத்திலிருந்து கங்காணிகள் வழியே போனது. சமுத்திரன் என்ற பெயரில் தமிழில் எழுதும் ந. சண்முகரத்தினம் போன்றோர் இந்த அரசியல் பொருளியலைத் தமிழ் வாசகரிடம் கொண்டுவந்தது பெரிய தொண்டு.

இத்தனை பேரைப் படித்தபின் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். முதலாளித்துவமா நிலப்பிரபுத்துவமா என்ற பெயர்ச் சண்டையில் யாரும் வெல்லவில்லை. ருத்ராவே 1978-இல் பெரிய நிலவுடைமையாளர்களைப் பாதி நிலப்பிரபு, பாதி முதலாளி என்ற கலப்பு வர்க்கமாக வைத்தார். வென்றது ஆய்வு முறை. யார் நிலம், யார் உழைப்பு, யார் கடன், உபரி யார் கைக்குப் போகிறது என்று வீடுவீடாகக் கேட்கும் ஒழுக்கத்தை அந்த விவாதம் கொடுத்தது. பெங்களூருவிலிருந்து இயங்கும் வேளாண் ஆய்வு அறக்கட்டளை வெண்மணியையும் அதன் பக்கத்து ஊரான பாலக்குறிச்சியையும் அண்மையில் ஆய்வு செய்து நூலாக்கியிருக்கிறது. கில்பர்ட் ஸ்லேட்டர் 1918-இல் வெளியிட்ட ஊராய்வுத் தொகுப்பிலேயே இடம்பெற்ற ஊர் பாலக்குறிச்சி. ஒரு நூற்றாண்டின் நில மாற்றத்தை ஒரே ஊரில் தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பு அரிதாகவே கிடைக்கும்.

மார்க்ஸின் 'மூலதனம்' தமிழில் இருக்கிறது; சிறையிலிருந்தபடி அதை மொழிபெயர்த்தார் தியாகு. அடுத்த வேலை, உத்சா பட்னாயக் 1990-இல் தொகுத்த விவாதக் கட்டுரைகளும் ஆலிஸ் தார்னரின் மதிப்பீடும் முழுமையாகத் தமிழில் கிடைக்கச் செய்வது. கூடவே மைதிலி சிவராமனின் வெண்மணிக் கட்டுரையும் அதே நூலில், ஃபிராங்கின் கட்டுரைக்குப் பக்கத்தில் வர வேண்டும். பதிப்பாளர்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும். பொருளியல் படிக்கும் தமிழ் மாணவர்கள் ஆரணியில் ஒரு தெருவையும் ஆஸ்டின் டவுனில் ஒரு தெருவையும் சேர்த்து ஒரே வினாத்தாளோடு ஆய்வு செய்ய முன்வர வேண்டும்.